காரைக்குடிப் பக்கம் தங்க இடம் தேடுகிறவர்களுக்கு: மத்தியானத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

செட்டிநாட்டுக் கோயில்களையும் கோட்டையையும் பழைய வீடுகளையும் பார்க்கப் போகிறோம், எங்கே தங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் எங்கே இருக்கப்போகிறீர்கள்?" என்றுதான். வாடகை, ஏசி, நீச்சல் குளம், கார் நிறுத்த இடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

பிள்ளையார்பட்டியானாலும் குன்றக்குடியானாலும் உச்சிக்கால பூஜை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்கச் சாயங்காலம் ஆகும். திருமயம் கோட்டைக்கு நடை சாத்துகிற வழக்கம் இல்லை, ஆனால் உச்சி வெயிலில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. ஆக, காலையில் ஒரு பொழுது, மாலையில் ஒரு பொழுது, நடுவில் இருக்கிற நாலு மணி நேரம் தங்குமிடத்தில்தான் கழியும். மற்ற ஊர்களில் விடுதி என்பது ராத்திரி படுத்து எழுந்திருக்க. இங்கே பயணத்தில் கணிசமான பங்கு அதற்குள்ளேயேதான் போகிறது. அந்த நேரத்தில் உங்களைக் குளிர்ச்சியாக, நிம்மதியாக வைத்துக்கொள்ளத் தெரிந்த கட்டடம் எது என்பதுதான் கேள்வி.

நான் திருச்சியில் கட்டட வரைபட வேலை பார்க்கிறவள். சுவரைத் தட்டிப் பார்க்காமல் எந்த அறைக்குள்ளும் போனதில்லை. இந்தப் பயணத்தில் கூட வந்தவர்கள் என் வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற மகள், எழுபதைத் தாண்டிய, முழங்கால் வலி உள்ள அம்மா. வேண்டுமென்றே இரண்டு விதமான இடங்களில் தங்கினோம். முதலில் காரைக்குடி ஊருக்குள் ஒரு புது ஓட்டல், பிறகு கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு.

ஓட்டலை முதலில் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். அறை 2,400 ரூபாய். பெயரைப் போட விரும்பவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு ஓட்டலின் குறை இல்லை, தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில் இப்போது எழும்புகிற எல்லா ஓட்டல்களுக்கும் பொருந்தும். வரவேற்பில் இருந்த பையன்கள் நல்ல மரியாதை. படுக்கை விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. லிஃப்ட் இருந்ததால் அம்மாவுக்குப் படி ஏறுகிற வேலை இல்லை. எதிரிலேயே மெஸ், காலையில் சுடச்சுட இட்லி. பிள்ளையார்பட்டிக்கு அரை மணிக்குள் போய்விடலாம்.

அதுவரை சரி. மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தால் அறை கொதிக்கிறது. மேற்குப் பார்த்த சுவர், அதுவும் நாலரை அங்குலச் செங்கல். வெளியே பளபளவென்று தகடு ஒட்டி முகப்பு செய்திருக்கிறார்கள், உள்ளே வெப்பத்தைத் தடுக்க ஒன்றுமே இல்லை. இருக்கிற ஒரே ஜன்னலைத் திறந்தால் மூன்றடி இடுக்கு, அதில் எல்லா அறைகளின் ஏசி பெட்டிகளும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. அன்றைக்குப் பார்த்து மின்வாரியத்தின் பராமரிப்பு நேரம். ஜெனரேட்டரில் லிஃப்டும் விளக்கும் மின்விசிறியும் ஓடின, ஏசி ஓடவில்லை. அம்மா ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு, "ஏண்டி, கோயில் மண்டபத்திலேயே படுத்திருக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. அந்த மண்டபம் இந்த அறையைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

இருந்தாலும் காரைக்குடி ஊருக்குள் தங்குவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையார்பட்டியை விடியற்காலையில் பார்க்க வேண்டுமானால் இங்கே தங்குவதுதான் வசதி. கூட்டம் சேர்வதற்கு முன்னால் போனால் குடைவரைக்குள் கொஞ்சம் நின்று பார்க்க விடுவார்கள். பாறையிலேயே செதுக்கிய ஆறடிப் பிள்ளையார், வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார், தும்பிக்கை வலப்பக்கம் சுழிந்திருக்கிறது, இரண்டே கைகள். பிள்ளையாருக்கு நாலு கை பார்த்தே பழகிய மகள், "மத்த ரெண்டு கை எங்கம்மா?" என்று கேட்டாள். அவ்வளவு பழைய வடிவம் என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல அந்த இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் போயிருந்தால் வரிசை நம்மைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

குன்றக்குடியில் எல்லோரும் நேராக மலை ஏறிச் சண்முகநாதரைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மலையடிவாரத்தில் இருக்கிற குடைவரைகளுக்கு வருகிறவர்கள் குறைவு. ஏற முடியாத அம்மாவோடு நான் கீழேயே இருந்ததால் அவற்றை நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. சுவர் உயரத்துக்குப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. கருடனோடு நிற்கிற திருமாலைத் தேடிப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்களோடு போகிறவர்கள் அவர்களைக் கடைவாசலில் உட்காரவைத்துவிட்டு மேலே ஓடாதீர்கள். கீழே இருப்பதே ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

நேரம் இருந்தால் திருப்பத்தூர் சாலையில் வைரவன்பட்டி. பிள்ளையார்பட்டி, இலுப்பைக்குடி, இரணியூர், நேமம், வேலங்குடி, சூரக்குடி, மாத்தூர், இளையாத்தங்குடி என்று நகரத்தாரின் ஒன்பது குலக்கோயில்களில் அதுவும் ஒன்று. கல் வேலைக்காகவே போக வேண்டிய இடம்.

சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குச் சட்டி, மரக்கதவு, ரவிவர்மா படம் என்று வீதி முழுக்க. இடித்த வீடுகளின் நிலைக்கதவுகளும் தூண்களும் அங்கே சாத்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துவிட்டது. தேக்கில் யானையும் கஜலட்சுமியும் செதுக்கிய நிலை ஒன்று, அடிப்பக்கம் ரம்பத்தால் அறுத்த தடத்தோடு நின்றது. அந்த வீட்டில் யாராவது விருந்தாளி தங்கி வாடகை கொடுத்திருந்தால் அது இன்னும் தன் வாசலிலேயே நின்றிருக்கும். பழைய வீட்டு விடுதிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்தத் தெருவுக்கு ஒரு தடவை போய்வந்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இனி கானாடுகாத்தான்.

நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர்கள் மூலமாக வருகிறவர்களுக்கு மட்டும் நாலு அறை கொடுக்கிறார்கள், பெயரை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எந்த நகரத்தார் வீட்டு விடுதிக்குப் போனாலும் பார்க்க வேண்டியவை இவையேதான்.

வாசலில் நின்றால் முகப்பு, முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்கட்டுக் கதவும் அதற்கு அப்பால் பின் தெரு வெளிச்சமும் ஒரே நேர்கோட்டில் தெரியும். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற நீளம். பர்மா, இலங்கை, மலேயா என்று போய் வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்தவர்கள் அங்கே சம்பாதித்ததை இங்கே கொண்டுவந்து கட்டியது. பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லோரும் அடுக்கிச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அந்த நேர்கோடு. கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் காற்று தடையில்லாமல் வீட்டை ஊடுருவிப் போகிறது. முற்றத்துக்கு மேலே வானம். சூடான காற்று அந்த வழியாக மேலே போய்விடும், நிழலில் கிடக்கிற தாழ்வாரத்துக் காற்று உள்ளே வரும். மத்தியானம் ஒன்றரை மணிக்கு வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை.

சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. நூறு வருஷம் ஆகியும் முகம் தெரிகிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது. இந்தப் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தை உள்ளே வாங்கி, மெல்ல வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் கொப்பளித்து உரியும். சிமென்ட் வைத்து ஒட்டுப் போட்டாலும் அதே கதைதான். அறை பார்க்கப் போகும்போது சுவரின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கண்ணை ஓட்டுங்கள். அங்கே பெயின்ட் உப்பி, வெள்ளைப் பூத்திருந்தால் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வீட்டைத் தெரியவில்லை என்று அர்த்தம். பக்கத்து ஊரில் நாங்கள் எட்டிப்பார்த்த இன்னொரு வீட்டு விடுதியில் தேக்குத் தூண்களுக்கு எனாமல் பெயின்ட், பழைய தரையின்மேல் கடையில் வாங்கிய மொசைக் டைல்ஸ், முற்றத்தை மூடி பாலிகார்பனேட் ஷீட். பழைய வீட்டு வாடகைதான் கேட்டார்கள். ஆனால் முற்றத்தை மூடிய அன்றைக்கே அந்த வீடு மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டது. முற்றம் மூடிய இடத்தில் தங்காதீர்கள், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்று. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று கொடுத்தவை. சாமான் வைக்கவும் படுக்கவும் மட்டுந்தான், பகல் வாழ்க்கை முழுக்கத் தாழ்வாரத்தில். அதனால் அந்த அறைகள் சின்னவை, ஜன்னலும் சின்னது. ‘ஹெரிடேஜ் ரூம்’ என்று விளம்பரத்தில் படம் போட்டால் அது எந்த அறை, கீழா மேலா, எத்தனைக்கு எத்தனை என்று போன் செய்து கேளுங்கள். மாடி அறைகள் பெரியவை, காற்றோட்டமானவை, ஆனால் மாடிப்படி குறுகல், செங்குத்து. குளியலறை என்பது அந்தக் காலத்தில் அறையோடு சேர்ந்து இருந்ததே இல்லை. பக்கத்து அறையையோ அறையின் மூலையையோ தடுத்து இப்போது செய்கிறார்கள். பழைய தரையை உடைக்காமல் குழாய் போட வேண்டும் என்பதால் குளியலறைத் தரை ஒரு படி உயர்ந்துதான் இருக்கும். நாங்கள் தங்கிய வீட்டில் ஆறு அங்குலம். ராத்திரி எழுந்து போகிற வயசானவர்களுக்கு இது ஆபத்து. அங்கே ஒரு சின்ன விளக்கு எரியவிடச் சொல்லிக் கேட்டோம், உடனே செய்தார்கள்.

நிலைப்படிகளும் உயரம். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவே நாலைந்து கல் படிகள், கைப்பிடி கிடையாது. அம்மா தயங்கி நிற்பதைப் பார்த்த வீட்டு ஆச்சி உள்ளேயிருந்து வந்து, "முழங்காலா? மெதுவா வாங்க, அவசரம் என்ன. கீழ் அறையையே உங்களுக்குத் திறந்துவிடச் சொல்றேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முன்பதிவு செய்திருந்தது மாடி அறை. மாற்றியதற்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை. அறை ஒன்றுக்கு நாளைக்கு 6,500, காலைப் பலகாரம் சேர்த்து. காரைக்குடி ஓட்டலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். எங்களுக்கு இரண்டு அறை, கணிசமான செலவுதான். கொடுத்ததில் வருத்தம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. செட்டிநாடு என்று பலகை போட்ட கடைகளில் கிடைக்கிற செக்கச்செவேலென்ற எண்ணெய்க் குழம்பை இங்கே எதிர்பார்க்காதீர்கள். காலையில் வெள்ளைப் பணியாரம், தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். பணியாரத்தின் ஓரம் பொன்னிறமாக முறுகாமல், வெள்ளை நிறம் மாறாமல், நடுவில் பஞ்சாக உப்ப வேண்டும். மாவு கரைப்பதில் ஒரு கரண்டி தண்ணீர் கூடினாலும் எண்ணெயில் விரிந்து போய்விடும் என்று அடுப்படியில் இருந்த அக்கா சொன்னார். மத்தியானம் இலையில் வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். அந்தக் கழுநீர்தான் அதற்கு உடம்பு கொடுக்கிறது. அம்மா மூன்று தடவை கேட்டு வாங்கினார். கவுணி அரிசி இனிப்பும் இருந்தது, எனக்கு அது கொஞ்சம் திகட்டல். கோழிக்குழம்பில் மிளகும் சோம்பும் வாசனையாக இருந்ததே தவிரக் காரம் கண்ணில் தண்ணீர் வரவைக்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: மத்தியானச் சாப்பாடு வேண்டுமானால் முந்தின நாள் ராத்திரியே சொல்ல வேண்டும். ஆள் கணக்குக்குத்தான் உலை வைக்கிறார்கள். கானாடுகாத்தானில் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று நம்பி இருக்காதீர்கள்.

வீட்டுக்கும் குறைகள் உண்டு. இருட்டுகிற நேரத்தில் கொசு அதிகம், முற்றம் திறந்திருப்பதால் தடுக்க முடியாது, வலை கட்டித்தான் படுக்க வேண்டும். தடித்த சுவர்களால் அறைக்குள் செல்போன் சிக்னல் எட்டவில்லை, என் வீட்டுக்காரர் அலுவலகத்தோடு பேசத் திண்ணைக்கு வந்து உட்கார வேண்டியிருந்தது. வெந்நீர் வாளியில் கொண்டுவந்து தந்தார்கள். எனக்கு இவை பொருட்டில்லை. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் முற்றத்தின் கல் விளிம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கானாடுகாத்தானில் தங்குவதன் பெரிய லாபம் திருமயம். காரில் கால் மணி, இருபது நிமிடம். கூட்டிப்போன டிரைவர் அண்ணன், "கோட்டை திறக்கிறதுக்கு முன்னாடி கோயிலைப் பார்த்துடுங்க, திறந்த உடனே ஏறிடுங்க, பத்தரைக்கு நான் வண்டியை எடுத்துடுவேன்" என்று கணக்காகச் சொன்னார். அப்படியே செய்தோம். செய்யுங்கள்.

ஒரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்று சத்தியகிரீசுவரருக்கு, மற்றது பெருமாளுக்கு. பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். கருவறைப் பாறை நீளத்துக்குப் பெருமாள் பாம்பணையில் படுத்திருக்கிறார். எல்லோரும் முகத்தையும் பாதத்தையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கண்ணைக் கொஞ்சம் மேலே, பின் சுவருக்குக் கொண்டுபோங்கள். மது, கைடபன் என்ற அரக்கர்கள் ஆயுதத்தோடு வருகிறார்கள், ஆதிசேடன் வாயிலிருந்து தீ கிளம்புகிறது, அவர்கள் திரும்பி ஓடுகிறார்கள். பெருமாள் கண் திறக்கவே இல்லை. காவல் காப்பது அவர் படுத்திருக்கிற படுக்கை. பட்டர் தீபத்தை உயர்த்திக் காட்டியபோது அந்த ஓடுகிற கால்களின் வளைவு சுவரில் அசைந்தது. மகள் "இன்னொரு தடவை" என்று கேட்க, அவரும் சலித்துக்கொள்ளாமல் காட்டினார்.

சிவன் கோயிலில் லிங்கோத்பவர் புடைப்புச் சிற்பம். பழைய இசைக் கல்வெட்டின் மிச்சமும், சைவக் கோயிலுக்கும் வைணவக் கோயிலுக்கும் இடையே இருந்த வழக்கைப் போசள (ஹொய்சள) அரசின் தளபதி ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் தீர்த்துவைத்த செய்தியும் அங்கே கல்லில் இருக்கின்றன. பக்கத்தில் கோட்டை, 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. ஊர்க்காரர்கள் ஊமையன் கோட்டை என்பார்கள். மேலே ஏறினால் பீரங்கி மேடை, பாதி வழியில் பாறையில் குடைந்த சின்னச் சிவன் சந்நிதி. அம்மா ஏறவில்லை. கீழே மரநிழலில் பூக்காரம்மாவோடு பேசிக்கொண்டு இருந்தார். பதினொன்றுக்கு வீட்டுக்குத் திரும்பி, குளித்துவிட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தவர் மூன்றரைக்குத்தான் எழுந்தார். காரைக்குடி ஓட்டலில் தவித்ததையும் இதையும் ஒரே வாரத்தில் பார்த்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

மத்தியானத்தில் வெளியே போயே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஆத்தங்குடி. கூரைக்குக் கீழே நடக்கிற வேலை, நடை சாத்துகிற கவலை இல்லை. தரை ஓடு செய்கிற பட்டறையில் ஒரு மணி நேரம் நின்றோம். கண்ணாடித் தகடுதான் அடி. அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், கை நடுங்கவே இல்லை. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, ஈரத்தை உறிஞ்சவிட்டு, பிறகு கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்கிறார்கள். சூளை கிடையாது. உலரவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுவிடும். "கண்ணாடி எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் பளபளப்பு" என்றார் அந்த அண்ணன், அடுத்த தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே. தொழில்முறையில் எத்தனையோ டைல்ஸ் பட்டியல்களைப் புரட்டியவள் நான். அந்த ஒரு வாக்கியம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. அதே ஊரில் பெரிய வீடு ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிப்பார்க்க விடுகிறார்கள், மேற்கூரை வண்ண வேலைக்காகவே போகலாம். கானாடுகாத்தானில் இருக்கிற ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை அநேகமாக வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

சித்தன்னவாசலைச் செட்டிநாட்டிலிருந்து தனியாகப் போய்வருவதை நான் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரப் பயணம், திரும்ப அதே வெயில். திருச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வரும் வழியில் பார்த்துவிட வேண்டும். காலையிலேயே கிளம்பி, அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரையில் விதானத்துத் தாமரைக்குள ஓவியத்தையும் தூணில் இருக்கிற ஆடல் மகளிரையும் பார்த்துவிட்டு, கால் திடமாக இருப்பவர்கள் ஏழடிப்பட்டம் என்கிற மலைக்குகையில் சமணர் படுக்கைகளையும் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கானாடுகாத்தான் வந்து சேரலாம்.

பெயர் சொல்லி விசாரிக்கக்கூடிய இடங்களும் இருக்கின்றன. காரைக்குடிக்குள் தி பங்களா, சாப்பாட்டுக்குப் பேர்போனது, தங்காவிட்டாலும் முன்னதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம். கானாடுகாத்தானில் விசாலம், ஒரு தகப்பனார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு, மற்ற நகரத்தார் வீடுகளைவிடப் பிற்காலத்தது. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் பழுதுபார்த்து நடத்துவது, பழைய வீட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதில் என் மாதிரி ஆர்வம் உள்ளவர்களுக்கு அது. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், திருமயத்துக்கு மிகப் பக்கம். வாடகை இவற்றிலெல்லாம் கூடுதல்தான், மாதத்துக்கு மாதம் மாறும். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பதனால் மட்டும் ஒரு வீட்டு ஓடும் மாறிவிடாது, தங்குகிறவர்கள் கொடுக்கிற பணம்தான் ஓடு மாற்றுகிறது.

என் யோசனை: கையில் இருக்கிற பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டிக்காகக் காரைக்குடியில் சாதாரண அறை, கிழக்கோ வடக்கோ பார்த்ததாகக் கேட்டு வாங்குங்கள், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் வேண்டாம். மிச்சத்தைத் திருமயம் பக்கத்துப் பழைய வீட்டில் செலவழியுங்கள். சென்னைக்காரர்கள் பல்லவனில் திரும்புவதானால் கடைசி இரவைக் காரைக்குடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையிலேயே ரயில் கிளம்பிவிடும். சித்திரை, வைகாசி வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் இதம், ஆனால் அயல்நாட்டில் இருக்கிற நகரத்தார் குடும்பங்கள் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று ஊருக்கு வருகிற சமயத்தில் நல்ல வீடுகளில் இடம் கிடைக்காது, இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். ஐப்பசி மழையில் போவதைப் பலர் தவிர்க்கிறார்கள். நான் அடுத்த தடவை அப்போதுதான் போகப்போகிறேன். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் விழுந்து எந்த வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். கீழ் அறை வேண்டும் என்று ஆச்சியிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.